மூச்சை இழுத்துப் பிடியுங்கள்: எக்ஸ்ரே, ஸ்கேன் அறைக் கேள்விகளும் பதில்களும்

ஒரு சிறிய மருத்துவமனையின் எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்ல. அதனால் ரிப்போர்ட்டை அனுப்பி ‘எனக்கு என்ன நோய்?’ என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இருக்காது. அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது, ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் நிறையச் சொல்வேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

என் மாமியாருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை மார்பு எக்ஸ்ரே, ஒரு முறை வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். இப்போது மறுபடியும் எக்ஸ்ரே என்கிறார்கள். இவ்வளவு கதிர்வீச்சை உடம்பு தாங்குமா?

எத்தனை முறை என்று எண்ணுவதால் பயனில்லை அம்மா. எது, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மேலும் கதிர்வீச்சு விழுந்துகொண்டேதான் இருக்கிறது. உலகச் சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைப்பது 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோதான். அதாவது சும்மா வீட்டில் இருந்தாலே இரண்டு வாரத்தில் வந்து சேரும் அளவு. கை, கால் விரல்களுக்கு எடுக்கும் எக்ஸ்ரே இன்னும் அற்பம்.

வயிற்றுக்கும் இடுப்புக்கும் சேர்த்து எடுக்கும் சி.டி. அப்படியல்ல. அது 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை வரும். தலைக்கு எடுத்தால் 2 மில்லிசீவர்ட் அளவு. உங்கள் மாமியாரின் கணக்கில் அந்த ஒரு சி.டி.தான் பெரிய தொகை, எக்ஸ்ரேக்கள் சில்லறை. 10 மில்லிசீவர்ட் வாங்கிய 2000 பேரில் ஒருவருக்கு அதனால் பிற்காலத்தில் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் வரக்கூடும் என்பது அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லும் மதிப்பீடு. அந்த 2000 பேரில் வேறு காரணங்களால் புற்றுநோய் வந்து இறப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் குறைவு. குழந்தைகளுக்கு அதிகம்; அவர்களுடைய செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, முன்னால் இருக்கும் வாழ்நாளும் நீளம்.

நிமோனியா குறைகிறதா, நுரையீரலைச் சுற்றிய நீர் வற்றுகிறதா என்று பார்க்க மறுபடி எக்ஸ்ரே எடுப்பது வழக்கம்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘இந்தப் படத்தின் முடிவைப் பார்த்து சிகிச்சையில் ஏதாவது மாற்றுவீர்களா டாக்டர்?’ மாற்றுவேன் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வரத் தயங்கினால் நீங்களும் தயங்கலாம்.

எனக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது, அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் ரொம்ப நேரம் அழுத்தி அழுத்திப் பார்த்தார். என்ன என்று கேட்டதற்கு ‘டாக்டர் சொல்லுவாங்க’ என்று முடித்துவிட்டார். எதையோ மறைக்கிறாரோ என்று இரண்டு நாள் தூக்கமில்லை.

எங்கள் முகத்தைப் படிக்க முயலாதவர்களே இல்லை! ஓரிடத்தில் அதிக நேரம் பார்ப்பதற்கு எத்தனையோ காரணம். குடலில் வாயு இருந்தால் பின்னால் இருக்கும் உறுப்பு தெரியாது. அழுத்தினால் வாயு விலகும். சிறுநீரகத்தை நீளவாக்கில் சரியாகப் பிடித்தால்தான் அளக்க முடியும். கணையம் இருக்கிறதே, அது ஒளிந்து விளையாடும் உறுப்பு. நல்லபடியாக இருக்கும் கணையத்தைத் தேடியே நான் வியர்த்த நாட்கள் உண்டு.

படம் எடுப்பவர் டெக்னீஷியனாக இருந்தால், அவர் முடிவு சொல்லக் கூடாது என்பது விதி. அது நல்ல விதி என்றே நினைக்கிறேன். படத்தைப் பார்த்து எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். அதற்கென்றே தனியாகப் பல ஆண்டுகள் படித்த மருத்துவர். பழைய படங்களோடு ஒப்பிட்டு, ரத்தப் பரிசோதனையையும் பார்த்துத்தான் அவர் ஒரு முடிவுக்கு வருவார். நான் வாய் தவறி ‘ஒரு சின்னக் கட்டி மாதிரி இருக்கு’ என்று சொல்லி, அது கடைசியில் சாதாரண நீர்க்கட்டி என்று தெரிந்தால், இடைப்பட்ட நாட்களில் நீங்கள் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு? அவசரமான ஏதாவது தென்பட்டால் நாங்கள் சும்மா இருப்பதில்லை. உங்களை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு உடனே ரேடியாலஜிஸ்டைக் கூப்பிடுவோம்.

முடிவு எப்போது வரும், யாரிடம் வரும் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

ஒரு ஸ்கேனுக்குச் சாப்பிடாமல் வா என்கிறார்கள். இன்னொன்றுக்குத் தண்ணீர் குடித்து சிறுநீரை அடக்கிக்கொண்டு வா என்கிறார்கள். ஏன் இந்தக் கொடுமை?

பித்தப்பையைப் பார்க்க வேண்டுமானால் அது நிறைந்திருக்க வேண்டும். கொழுப்புள்ள உணவு உள்ளே போனதும் அது சுருங்கி, உள்ளே இருக்கும் பித்தத்தை வெளியேற்றிவிடும்; சுருங்கிய பைக்குள் கல் இருக்கிறதா என்று சொல்வது கஷ்டம். சாப்பிட்டால் வயிற்றில் காற்றும் சேரும். ஒலி அலைக்குக் காற்று பரம விரோதி. தோலில் குளிரக் குளிர ஜெல் தடவுவதும் இதனால்தான்: கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. ஆக, மேல் வயிற்று ஸ்கேன் என்றால் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. சூயிங்கம், புகை இரண்டும் வேண்டாம். இரண்டுமே காற்றை விழுங்க வைக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்து மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடிவயிற்றுக்குக் கதை தலைகீழ். நிறைந்த சிறுநீர்ப்பை குடல்களை மேலே தள்ளிவிடும்; பின்னால் இருக்கும் கருப்பை, சினைப்பை, புரோஸ்டேட் எல்லாம் அந்த நீர் வழியாகப் பளிச்சென்று தெரியும். அதற்காகக் கண்ணில் நீர் வரும்வரை அடக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறி நிறைந்தால் சிறுநீரகம் லேசாக வீங்கியது போலப் படத்தில் தெரிந்து குழப்பும். தாங்க முடியவில்லையென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், கொஞ்சம் போய்விட்டு வரச் சொல்வார்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாகவே இருக்க வேண்டும். எந்த ஸ்கேன் என்று முதலில் கேட்டுவிட்டால் வீண் அவஸ்தை மிச்சம்.

என் மகனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தபோது ஈயக் கவசம் எதுவும் போடவில்லை. எங்கள் காலத்தில் கட்டாயம் போடுவார்கள். அலட்சியமா?

அலட்சியம் இல்லை. நானே பல ஆண்டுகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கனமான துண்டை எடுத்துப் போட்டவள்தான். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் ‘இனி இதை வழக்கமாகப் போட வேண்டாம்’ என்று அறிவித்தபோது எங்கள் பிரிவில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

காரணம் கேட்டால் நியாயம் புரியும். இப்போதைய கருவிகளில் ஒரு படத்துக்குச் செல்லும் அளவு முன்பைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. இடுப்பு எக்ஸ்ரேயில் கவசம் கொஞ்சம் நகர்ந்தாலும் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடும்; மறுபடி எடுக்க வேண்டும், அளவு இரண்டு மடங்கு. போதுமான கதிர் வந்துவிட்டதா என்று தானே அளந்து நிறுத்தும் வசதி கருவியில் உண்டு. ஈயம் அதன் குறுக்கே வந்தால், ‘இன்னும் போதவில்லை’ என்று எண்ணி அது மேலும் கதிரை அனுப்பும். உடலுக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியே போட்ட கவசம் தடுக்கவும் முடியாது.

மகனைப் பிடித்துக்கொள்ள நீங்கள் உள்ளே நின்றால் உங்களுக்குக் கவசம் தருவார்கள். அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கதிர் எங்கே படும் என்று காட்டும் வெளிச்சக் கட்டம் தேவையான பகுதியில் மட்டும் விழுகிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மையான பாதுகாப்பு.

எங்கள் பகுதி மருத்துவமனை சின்னது. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், ஒரு சி.டி. இருக்கிறது. ரேடியாலஜிஸ்ட் பகலில் மட்டும் வருகிறார். இரவில் எடுத்த படத்தை வேறு எங்கோ இருப்பவர் பார்த்து எழுதி அனுப்புகிறார். இதை நம்பலாமா? நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கே போய்விடட்டுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. என் வாழ்க்கை முழுக்கச் சின்ன மருத்துவமனையில் கழிந்ததால் நான் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் உலகின் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்தார்கள். கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர், மருத்துவம் படித்தவர் இல்லை. 1979-இல் ஆலன் கார்மக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அந்த முதல் படம் 80-க்கு 80 புள்ளிகள்தான். இன்றைய கைபேசிப் படத்தின் மூலையில் ஒட்டக்கூடப் போதாது. ஆனாலும் நோயாளியாக வந்த அந்தப் பெண்ணின் மூளையில் இருந்த கட்டி தெரிந்தது. அங்கே கட்டி இருக்கலாம் என்று மருத்துவர் முன்பே சந்தேகப்பட்டிருந்தார். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து எடுத்த படம் அது.

என் அனுபவத்தில் படம் வீணாகும் இடம் கருவி அல்ல, ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதும் சீட்டு. ‘வயிறு சி.டி. – காரணம்: வலி’ என்று மட்டும் எழுதிய சீட்டுகள் எத்தனையோ வந்திருக்கின்றன. வலி எங்கே? எத்தனை நாளாக? காய்ச்சல் உண்டா? முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா? ஒன்றும் இருக்காது. ரேடியாலஜிஸ்ட் இருட்டில்தான் துழாவ வேண்டும். குடல்வால் அழற்சியா என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், சிறுநீரகக் கல்லா என்று கேட்டால் வேறு மாதிரி எடுப்பார்கள். கல்லைத் தேடும்போது, ரத்த நாளங்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் ஊசி மருந்து போடுவதில்லை, ரத்த நாளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் போட்டே ஆக வேண்டும். சீட்டில் இருக்கும் ஒற்றை வரிதான் இதையெல்லாம் தீர்மானிக்கிறது.

தொலைவில் இருப்பவர் உங்களை நேரில் பார்க்கவே போவதில்லை என்பதால் அவருக்கு அந்த வரி இன்னும் முக்கியம். நம்பலாமா என்றால், நம்பலாம். படம் குறையாமல் அப்படியே அவர் திரைக்குப் போகிறது, அவரும் பயிற்சி பெற்ற ரேடியாலஜிஸ்ட்தான். இரவில் வரும் அறிக்கை சில இடங்களில் முதல்கட்ட அறிக்கையாக இருக்கும். காலையில் இறுதி அறிக்கை வந்ததா, அதில் ஏதேனும் மாறியதா என்று நீங்கள் விசாரியுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கருவியைப் பொறுத்தவரை, தலையில் அடி, நுரையீரல், வயிறு, எலும்பு இவற்றுக்கு 16 ஸ்லைஸ் (ஒரு சுற்றில் 16 குறுக்குவெட்டுப் படங்கள் எடுக்கும்) சி.டி.யே தாராளம். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் தமனிகளைப் படம் பிடிக்கத்தான் 64 ஸ்லைஸாவது வேண்டும். எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் வேண்டியிருந்தால் வெளியே போகத்தான் வேண்டும். மற்றபடி கால் சுளுக்குக்கு நகரத்துக்கு ஓடாதீர்கள்.

மூன்று மாதமாக முதுகு வலி. எம்.ஆர்.ஐ. எழுதித் தரச் சொன்னால் டாக்டர் மறுக்கிறார். ‘டிஸ்க் தேஞ்சிருக்கும், பரவாயில்லை’ என்கிறார். பார்க்காமலே எப்படிச் சொல்கிறார்?

பார்த்தாலும் அதைத்தான் சொல்வார் தம்பி. வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களை எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதில் இருப்பவர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். வலி இல்லாதவர்கள் இவர்கள்! அதனால் உங்கள் படத்தில் தேய்மானம் தெரிந்தால் அதுதான் வலிக்குக் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நடக்கவே பயப்பட ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் எடுக்கும்முன் நன்றாகத்தான் நடந்தார்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுதல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் – இவை வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், விழுந்து அடிபடுதல் இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கணக்கு மாறிவிடும். இவை எதுவும் இல்லை, ஆனால் மூன்று மாதம் உடற்பயிற்சி சிகிச்சை செய்தும் வலி குறையவில்லை என்றால், மறுபடியும் போய்க் கேட்பதில் தவறில்லை.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. போன முறை பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வேறு வழி உண்டா?

பாதியில் எழுந்து வருபவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். வெட்கப்படாதீர்கள்.

நேரம் குறிக்கும்போதே உங்கள் பயத்தைச் சொல்லிவிடுங்கள். உள்ளே வந்து படுத்த பிறகு சொன்னால் எங்களால் அதிகம் செய்ய முடியாது. குழாயின் விட்டம் கருவிக்குக் கருவி மாறும், பழையவற்றில் 60 சென்டிமீட்டர், புதியவை பலவற்றில் 70. அந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயம். முழங்காலுக்கு எடுத்தால் கால்தான் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியே இருக்கும். உள்ளே போகும்முன்பே கண்ணை மூடித் துணி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு மூடினால் பயன் பாதிதான், ஏனென்றால் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா. கையில் ஒரு பம்ப் போன்ற பொத்தானைத் தருவார்கள். அழுத்தினால் நாங்கள் வருவோம். அதைக் கையில் வைத்திருந்தாலே பலருக்குப் பாதி பயம் போய்விடும். தேவைப்பட்டால் மருத்துவர் லேசான மயக்க மருந்து தருவார். அப்படியானால் துணைக்கு ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது.

சத்தம் பயங்கரமாக இருக்கும். காந்தப்புலத்தை மாற்றும் கம்பிச் சுருள்கள் மின்சாரம் பாயும்போதெல்லாம் அதிர்வதால் வரும் சத்தம் அது, 100 டெசிபலைத் தாண்டும். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துப் பதறாதீர்கள். காதடைப்பான் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நான் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு. எம்.ஆர்.ஐ. கருவியில் இருக்கும் 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலுவானது. படம் எடுக்காத நேரத்திலும், இரவிலும்கூட அது இயங்கிக்கொண்டே இருக்கும். 2001-இல் அமெரிக்காவில் அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுத்து, உள்ளே படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். அதனால்தான் ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று முறை கேட்கிறோம்: பேஸ்மேக்கர் உண்டா, காதுக்குள் கருவி உண்டா, மூளை ரத்த நாளத்தில் கிளிப் உண்டா, இரும்புப் பட்டறையில் வேலை செய்து கண்ணில் துகள் பட்டதுண்டா? ‘அதான் சொன்னேனே’ என்று எரிச்சல்படாமல் மறுபடி சொல்லுங்கள். பேஸ்மேக்கர்களிலேயே எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகைகள் இப்போது உண்டு. அதற்கான அட்டையை எடுத்து வந்தால் பேச்சு சுலபம். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றில் உலோகத் தகடு இருக்கும், சூடேறிச் சுட்டுவிடும். அவற்றைப் பற்றியும் சொல்லுங்கள். பல்லில் அடைத்த சிமெண்டுக்கு ஒன்றும் ஆகாது.

சி.டி.க்கு ஊசி மருந்து போட்டதும் உடம்பெல்லாம் தீயாய்ச் சுட்டது. சிறுநீர் போய்விட்டதோ என்று பதறிவிட்டேன். இது ஒவ்வாமையா? எனக்கு மீன் ஒவ்வாது என்று சொன்னேன், கண்டுகொள்ளவே இல்லை.

சுட்டதும், வாயில் உலோகச் சுவை வந்ததும், சிறுநீர் கழிந்தது போன்ற உணர்வும் ஒவ்வாமை அல்ல. அயோடின் கலந்த அந்த மருந்து வேகமாக உள்ளே போகும்போது வரும் இயல்பான உணர்வு. ஓரிரு நிமிடத்தில் அடங்கும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீங்கள் பதறியிருக்க மாட்டீர்கள். சொல்லாதது அவர்கள் தவறுதான். அரிப்பு, தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சு இறுக்கம் வந்தால் அது ஒவ்வாமை; உடனே குரல் கொடுக்க வேண்டும்.

மீன், நண்டு ஒவ்வாமைக்கும் இதற்கும் தனிப்பட்ட தொடர்பு கிடையாது. அங்கே ஒவ்வாதது அவற்றில் உள்ள புரதம், அயோடின் அல்ல. அவர்களுக்கு முக்கியம் இவைதான்: முன்பு இதே வகை மருந்துக்கு ஒவ்வாமை வந்ததா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது. கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை கேட்பது கடைசிக் கேள்விக்காக. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 48 மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் கொடுக்கலாம். பாலில் கலப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு.

எனக்குத்தான் முதலில் நேரம் கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களை எல்லாம் முதலில் அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் காக்க வைத்தது நியாயமா?

நியாயம்தான். பக்கவாதத்தோடு வருபவருக்கு மூளையில் ரத்தக்கசிவா, அடைப்பா என்று சி.டி. பார்த்துத்தான் சொல்ல முடியும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம். கசிவு இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த ஸ்ட்ரெச்சர் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். எவ்வளவு தாமதமாகும் என்று ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

விழுந்து மணிக்கட்டில் அடி. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். பத்து நாளாகியும் கட்டைவிரலின் அடியில் அழுத்தினால் உயிர் போகிறது.

உடனே போய் மறுபடி காட்டுங்கள். அந்த இடத்தில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதில் விழும் கீறல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். 10 முதல் 14 நாளில் மறுபடி எடுத்தால் தெரியலாம், சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தால் இன்னும் தெளிவு. அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. கவனிக்காமல் விட்டால் பின்பகுதி ரத்தமின்றி செத்துப்போகலாம். முதலில் பார்த்தவரைத் திட்டப் போகாதீர்கள்.

வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. வலிக்குக் காரணம் எதுவும் இல்லையாம். இப்போது கட்டியை நினைத்து வலி மறந்துவிட்டது!

உங்கள் நகைச்சுவைக்கு நன்றி. வயது ஏற ஏற சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி வருவது மிகச் சாதாரணம். தேடாமலே கண்ணில் படும் இப்படிப்பட்டவை ஸ்கேன் எடுக்கும் எல்லா இடத்திலும் உண்டு. சிறுநீரக நீர்க்கட்டிகளைத் தரம்பிரிக்க பாஸ்னியாக் என்ற மருத்துவரின் பெயரில் 1986 முதல் ஒரு வகைப்பாடு இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘பாஸ்னியாக் 1’ அல்லது ‘2’ என்று இருந்தால் தொந்தரவில்லாத வகை. ‘2எஃப்’ என்றால் அவ்வப்போது பார்க்க வேண்டும். அதற்கு மேல் எண் போனால் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். அல்ட்ராசவுண்டில் வெறும் ‘சிம்பிள்’ நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். வயிற்று வலிக்கான காரணத்தை மட்டும் விடாதீர்கள்.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும்போது இவ்வளவு நசுக்க வேண்டுமா? பவுடர் போடக் கூடாது என்றும் சொல்கிறார்கள்.

வேண்டும் சகோதரி. அழுத்தும்போது திசு விரிந்து ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருக்கும், அசைவு இருக்காது, தேவையான கதிரும் குறையும். சில விநாடிகள்தான். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்தால் வலி குறையும். பவுடரிலும் வியர்வை நாற்றம் போக்கும் பூச்சுகளிலும் உள்ள துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஆரம்பநிலைப் புற்றுநோயில் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகளும் அப்படியேதான் இருக்கும். முந்தைய மேமோகிராம் இருந்தால் அவசியம் கொண்டுபோங்கள்.

கர்ப்பம் என்று தெரியாமல் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன். கலைக்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

சொல்ல மாட்டார்கள். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேருவது 0.01 மில்லிகிரே (இதுவும் கதிர்வீச்சை அளக்கும் ஓர் அலகு) அளவுக்குள்தான். 50 மில்லிகிரேவுக்குக் கீழே கருக்குறைபாடு அதிகரிப்பதாகத் தெரியவில்லை. எடுத்த தேதியை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

பழைய ஃபிலிம்களை எல்லாம் வைத்திருக்க வேண்டுமா? கைபேசியில் படம் பிடித்து வைத்தால் போதாதா?

கைபேசிப் படம் போதாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த ஃபிலிம் படத்தில் நுரையீரலின் மெல்லிய நிழல் ஒன்றும் தெரியாது. சி.டி., எம்.ஆர்.ஐ. என்றால் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஃபிலிமில் அச்சடித்துத் தருவது அவற்றில் சில மட்டும். குறுந்தகடோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்கள். ‘டைகாம்’ என்ற பொது வடிவத்தில் இருந்தால் எந்த ஊர் மருத்துவமனையும் திறந்து பார்க்கும், வெளிச்சம் கூட்டிக் குறைத்து அளந்தும் பார்க்க முடியும். நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால், இரண்டு ஆண்டுக்கு முந்தைய சி.டி.யிலும் அது அதே அளவில் இருந்தது என்று காட்டிவிட்டால் பல சமயம் மேல்பரிசோதனையே தேவைப்படாது. எழுத்து ரிப்போர்ட்டையும் சேர்த்து வையுங்கள். ஃபிலிமைச் சூடான இடத்தில் வைத்தால் கறுத்துவிடும்.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து கைக்குழந்தையைத் தூக்கலாமா? குளிக்க வேண்டுமா?

உடனே தூக்கலாம். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்காத மாதிரி, எக்ஸ்ரேயும் சி.டி.யும் முடிந்த கணமே உடலில் எதுவும் மிச்சமிருக்காது. குளியல் உங்கள் விருப்பம். கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தி எடுக்கும் அணு மருத்துவ ஸ்கேன் மட்டும் விதிவிலக்கு. எலும்பு ஸ்கேனுக்கு ஊசியில் போடும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும், சிறுநீர் வழியாகவும் வெளியேறும். அன்று நிறையத் தண்ணீர் குடியுங்கள். குழந்தையை எத்தனை மணி நேரம் மடியில் வைக்காமல் இருக்க வேண்டும், தாய்ப்பாலை என்ன செய்வது என்பதை ஊசி போடும் முன்பே அங்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.